படத்துக்கு ஊர் வேண்டும்

பத்திரிகைத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது யார், என்ன, எப்போது, எங்கே, ஏன் என்ற கேள்விகளைத்தான். செய்தியில் இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் ஆசிரியபீடம் அதைத் திருப்பியனுப்பும். புகைப்படம் என்று வந்துவிட்டால் அதே ஆசிரியபீடம் ‘எங்கே’ என்ற கேள்வியை மறந்துபோகிறது. மலையகம் பற்றிய கட்டுரையென்றால் கூடை சுமந்த ஒரு பெண்ணின் படம் போடப்படும். அதன் கீழே ‘கொழுந்து பறிக்கும் தொழிலாளி’ என்று ஒரு வரி இருக்கும். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் மலை என்ற விவரம் இராது. கேட்டிருந்தால் அந்தப் பெண்ணே மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்.

இந்த வழக்கம் நேற்று வந்ததன்று. புகைப்படக் கலை வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் ஜூலியா மார்கரட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப்படங்களில் இருப்போர் பலரைப் பெயரோடு அறிகிறோம். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இருக்கும் தொழிலாளர்களிற் பெரும்பாலோருக்குப் பெயரில்லை. பின்னாளில் உலகமெங்கும் போன தேயிலைத் தோட்டத் தபாலட்டைகளும் அப்படியே. முகம் இருக்கும், சேலையின் மடிப்புக்கூடத் துலங்கும், ஊர் மட்டும் இராது.

இந்தக் குறையின் ஒரு பாதியைத் தீர்க்க எளிய கருவி ஒன்று உண்டு. ஜீ.பி.எஸ். லொகர் என்பார்கள், நான் வழிப்பதிவி என்று எழுதுகிறேன். பொதுமக்களுக்கான ஜீ.பி.எஸ். சமிக்ஞையை வேண்டுமென்றே மழுங்கச் செய்துவந்த அமெரிக்க அரசு, 2000 மே மாதத்தில் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. அதுவரை நூறு மீற்றரளவுக்குத் தவறக்கூடியதாயிருந்த இடக்கணிப்பு பத்து மீற்றரளவுக்கு வந்தது. 2006 இல் சொனி நிறுவனம் புகைப்படக்காரர்களை மனத்திற்கொண்டே ஒரு வழிப்பதிவியை வெளியிட்டது. தொடர்ந்து தீப்பெட்டியளவான கருவிகள் பல வந்தன. இப்போது கைத்தொலைபேசியிலுள்ள ஒரு செயலியே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

அது செய்யும் வேலை மிக எளியது. பையில் கிடந்தபடி சில வினாடிகளுக்கு ஒருமுறை நேரத்தையும் அகலாங்கு நெட்டாங்கையும் எழுதிக்கொண்டே வரும். கமராவோ ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் அது எடுக்கப்பட்ட நேரத்தைக் குறித்துவைக்கும். வீடு திரும்பியபின் கணினி இரண்டையும் ஒப்புநோக்கி, இந்த நேரத்தில் நீ இங்கே நின்றாய் என்று படத்துள் ஆள்கூற்றை எழுதிவிடுகிறது. கருவிக்கும் கமராவுக்கும் இடையே கம்பியும் இல்லை, வேறு தொடர்பும் இல்லை. இரண்டையும் சேர்த்துவைப்பது நேரம் ஒன்றே.

ஆகவே நேரம் பிழைத்தால் இடமும் பிழைக்கும். இலங்கையருக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் நம் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் அரைமணி நேரம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரை மணிக் கணக்குக்குத் திரும்பினோம். அந்தப் பத்தாண்டில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. ஒரே தீவில் ஓமந்தையைக் கடந்தால் அரைமணி நேரம் மாறியது. படக்கோப்பில் எந்த நேர வலயம் என்ற குறிப்பை எழுதுவதற்கு 2016 வரை நியம இடமும் இருக்கவில்லை. அக்காலத்து எண்ணிமப் படங்களுக்கு இன்று இடம் குறிக்க முனைவோர், நாட்டு வரலாற்றின் இந்தச் சிறு பக்கத்தையும் அறிந்திருக்கவேண்டும்.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குப் போகும் பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகமென்றால் ஒரு வினாடிக்கு ஏழு மீற்றர். கமராவின் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் படம் நானூறு மீற்றர் தள்ளி விழும். சமவெளியில் அது பொருட்டன்று. மலைநாட்டிலோ நானூறு மீற்றருக்குள் இரண்டு வளைவுகள் வந்துபோகும். ஒரு தோட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கியிருக்கும். நேர வலயத்தில் அரைமணி தவறினால் தெல்தோட்டைக் கடைத்தெருவில் எடுத்த படம் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அப்பால் எங்கோ போய் நிற்கும். பரிகாரம் கடினமானதன்று. புறப்படுமுன் கருவி காட்டும் நேரத்தையே கமராவால் ஒரு படம் எடுத்துவைத்தால் போதும். வித்தியாசத்தைப் பின்னர் கழித்துக்கொள்ளலாம். பழைய கருவி வைத்திருப்போர் திகதியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஜீ.பி.எஸ். வாரக்கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்புவது. 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியதால், பழைய கருவிகள் சில இருபதாண்டு பின்னோக்கிப் போய்விட்டன.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் கருவி தருவது எண் மட்டுமே. அதுவும் நாம் நின்ற இடத்தின் எண். பார்த்த இடத்தின் எண்ணன்று. வீதியோரத்தில் நின்று எதிர்மலையிலுள்ள லயத்தைப் படமெடுத்தால், படத்தில் பதிவது வீதியின் ஆள்கூறு. எத்திசையை நோக்கி எடுத்தோம், எதை எடுத்தோம் என்பவற்றைக் கையால்தான் எழுதவேண்டும்.

இதைவிடப் பெரிய விடுபடல் பெயர். மலையகத்தில் ஒரு தோட்டத்துக்கு ஒரு பெயர் இருப்பதில்லை. பதிவேட்டில் துரைமார் இட்ட ஆங்கிலப் பெயரோ, சிங்கள மூலத்தை ஆங்கிலத்தில் திரித்த பெயரோ இருக்கும். மக்கள் வாயில் வேறொரு தமிழ்ப்பெயர் வழங்கும். இந்த இரட்டை வழக்கு வெள்ளைக்காரருக்கே தேவைப்பட்டது. கொழும்பில் ஃபெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட இலங்கைக் கையேடுகளில் தோட்டங்களின் தமிழ்ப்பெயர்களும் அச்சிடப்பட்டன. ஆனால் தோட்டத்துக்குள்ளே இருக்கும் மேட்டு லயம், பணிய லயம், பெரட்டுக்களம், கொழுந்து மடுவம், சாமி கும்பிடும் கல் ஆகியவற்றின் பெயர்களை எந்தக் கையேடும் ஏற்றுக்கொள்ளவில்லை. செய்மதி அவற்றின் கூரைகளைக் காணும், பெயர்களைக் காணாது.

தெல்தோட்டைப் பக்கத்து மலைகளிலேதான் லூல்கந்துர இருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852 இல் வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இந்நாட்டின் தேயிலை வர்த்தகத்துக்கு வித்திட்டது அங்கே. 1892 இல் மறைந்த அவரது கல்லறை கண்டி மஹய்யாவையில் இருக்கிறது. அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் கல்லிருக்கையை இன்று எந்த உல்லாசப் பயணியும் இணைய வரைபடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதில் எனக்கு மனக்குறை இல்லை; அவர் உழைத்தவர். ஆனால் அந்த 19 ஏக்கரை வெட்டித் திருத்தி நட்டவர்கள் எந்த லயத்தில் படுத்தெழுந்தார்கள் என்று காட்டும் குறி ஒன்றையும் நான் கண்டதில்லை. துரை அமர்ந்த கல்லுக்கு ஆள்கூறு உண்டு. கூலி உறங்கிய இடத்துக்கு இல்லை.

இது வெறும் உணர்ச்சி விவகாரமன்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீலகிரியிலும் திருச்சியிலும் மதுரையிலும் வாழ்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராம வழக்கில் மலைநாடு முழுவதுமே கண்டிதான். எங்கே இருந்தீர்கள் என்றால் கண்டியில் என்பார்கள். துருவிக் கேட்டால் ஒரு தோட்டத்தின் தமிழ்ப்பெயரும் ஒரு லயத்தின் அடையாளமும் வரும். அந்தப் பெயரைக் கொண்டுவந்து இங்கே யாரிடம் காட்டுவது? தோட்டங்கள் கைமாறிவிட்டன, காடாகிவிட்டன, துண்டாடப்பட்டுவிட்டன. பெயரறிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயரையும் எண்ணையும் ஒரே படத்தில் சேர்த்துவைக்க எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.

இங்கேயே இருப்பவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கமும் முகவரியும் இல்லாமல், தோட்ட நிர்வாகத்தின் கை வழியே கடிதம் பெற்ற தலைமுறைகள் பல. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டபோது, அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறிற்று. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா சூறாவளியின்போது கண்டி மாவட்ட மலைச்சரிவுகள் பல மீண்டும் சரிந்தன. எந்த லயம் எங்கே இருக்கிறது, அங்கே போக எது வழி என்பதை, சரிந்தபின் தேடாமல் முன்னரே அறிந்திருப்பது நன்று. லயங்கள் ஒழிந்து 7 பேர்ச் காணியில் தனிவீடுகள் எழவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் இடிக்குமுன் எங்கே இருந்தது என்று எழுதிவைப்பதற்குச் செலவென்ன?

இங்கே ஒரு மறுப்பு எழும். இருக்கும் இடத்தையெல்லாம் எண்ணாக்கி ஊருக்குக் காட்டுவது நல்லதா என்பார்கள். நியாயமான கேள்வி. மென்பொருள் தொழிலதிபர் ஜோன் மெக்கஃபீ தலைமறைவாக இருந்த 2012 டிசம்பரில், ஒரு சஞ்சிகை வெளியிட்ட படத்துள் ஆள்கூறு நீக்கப்படாமல் இருந்தமையால் அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளிப்பட்டது. அவருக்கே அப்படியென்றால், தோட்ட நிர்வாகத்தைப் பற்றி முறையிடும் ஒரு தொழிலாளியின் வாசற்படியைக் காட்டும் படம் என்னாகும்? ஆகவே என் நிலைப்பாடு இது: பதிவது வேறு, வெளியிடுவது வேறு. எல்லாப் படத்திலும் பதிவோம். ஆளையும் வீட்டையும் காட்டும் படத்தை வெளியிடும்போது ஆள்கூற்றை நீக்குவோம். தோட்டத்தின் பெயரைப் போடுவதாயினும் அவரைக் கேட்டே போடுவோம். மூலப்படம் எண்ணோடு நம்மிடம் பத்திரமாக இருக்கட்டும்.

கைத்தொலைபேசி தானாகவே இடத்தைப் பதிகிறதே, இவ்வளவு எதற்கு என்ற மறுப்பும் வரும். பதிகிறது, உண்மை. ஆனால் வட்ஸ்அப்பில் வழமையான முறையில் அனுப்பும் படம் சுருங்கிப்போவதோடு அதனுள் இருந்த ஆள்கூறும் கழன்றுவிடும். குடும்பங்களின் படங்கள் இன்று பெரும்பாலும் அவ்வழியே கைமாறுகின்றன. இருபதாண்டுக்குப்பின் நம் பேரப்பிள்ளைகளிடம் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். தபாலட்டைகளைப் போலவே அவற்றுக்கும் ஊர் இராது.

நான் வேண்டுவது பெரிய திட்டமன்று. மலையகத்துக்குப் பயணம் போகிறவர்கள், படம் எடுப்பதோடு வழிப்பதிவியையும் ஓடவிடுங்கள். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். நின்ற இடத்தில் எதிர்ப்படும் முதியவரிடம், இந்த இடத்துக்கு நீங்கள் என்ன பேர் சொல்வீர்கள் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ஒழுங்குபடுத்திய படங்களைக் கையேற்கவும் இடங்கள் இருக்கின்றன. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. கம்பளைக்கு அருகே 2007 இல் திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் இருக்கிறது. தெல்தோட்டைப் பாடசாலை ஒன்றின் உயர்தர வகுப்பு மாணவர் பத்துப்பேர் ஒரு தவணை விடுமுறையில் இதைச் செய்தால், சுற்றுவட்டாரத்து லயங்களில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணும் பெயரும் கிடைத்துவிடும். புவியியல் ஆசிரியர் ஒருவர் மனம்வைத்தால் வருகிற விடுமுறையிலேயே தொடங்கலாம்.