அட்ரோப்பீன்: அறுவைக் கூடத்தின் அளவும் வயல்வெளியின் அளவும்

ஒரு மருந்து ஓரிடத்தில் சிறிய அளவில் நெடுங்காலம் வழங்கி வருமாயின், அவ்வளவே அதன் இயற்கையான எல்லை என்னும் எண்ணம் வேரூன்றி விடுகிறது. அட்ரோப்பீனின் நிலை இதுவே. மயக்க மருத்துவர் அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம் என அளந்து செலுத்தும் இம்மருந்து, பூச்சிமருந்தின் நஞ்சேறியவருக்குப் பன்மடங்கு தேவைப்படுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தைக் கிராமப் பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருந்திருப்பும் அதற்கேற்ப அமைதல் வேண்டும்.

ஐரோப்பாவின் பெல்லடோனாச் செடியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்ரோப்பீன் பிரித்தெடுக்கப்பட்டது. இந்நாட்டு வேலியோரங்களில் தானே வளரும் ஊமத்தையிலும் அதுவும் அதன் இனமாகிய ஹயோசினும் உள்ளன. அது செயற்படும் முறையை விளக்க வழிகாட்டியவர் ஆட்டோ லோவி. வேகஸ் நரம்பு ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்தே இதயத்தின் வேகத்தைத் தணிக்கிறது என்பதை அவர் 1921-இல் தவளையின் இதயத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். 1936-இல் ஹென்றி டேலுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்பொருளே அசிட்டைல்கோலின். உமிழ்நீரையும் மூச்சுக்குழல் நீரையும் பெருக்குவதும், இதயத்தைத் தணிப்பதும், கண்மணியைச் சுருக்குவதும் அதன் வேலைகள். அது பொருந்தும் இடங்களில் தான் முந்திச் சென்று அமர்ந்துகொண்டு, யாதொரு வேலையும் செய்யாமல் வழியடைத்து நிற்பதே அட்ரோப்பீனின் தன்மை. இஃது ஒரு போட்டி. அசிட்டைல்கோலின் மிகுந்தால், அதனை வெல்ல அட்ரோப்பீனும் மிகுதல் வேண்டும். அளவு பற்றிய கேள்விக்கெல்லாம் விடை இவ்வொரு விதியில் அடங்கியுள்ளது.

ஈதர் வழங்கிய காலத்தில், அவ்வாவி தொண்டையை உறுத்தி உமிழ்நீரைப் பெருக்கியதால், அறுவைக்கு முன் யாவருக்கும் அட்ரோப்பீன் கொடுப்பது வழக்கமாயிருந்தது. உறுத்தாத மயக்க மருந்துகள் வந்தபின் அவ்வழக்கம் குறைந்தது நன்றே. வாய் வறட்சியும் இதயப் படபடப்பும் நோயாளிக்குத் துன்பம் தருவன; வியர்வை தடைப்படுவதால் குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்; முதியோருக்கு அறிவு மயங்கும். மூளைக்குள் எளிதில் புகாத கிளைக்கோபைரோலேட் பல இடங்களில் இதன் இடத்தைப் பெற்றுள்ளது.

இன்று இவ்வின மருந்துகள் அறுவைக் கூடத்தில் செய்யும் பெரும்பணி ஒன்று உண்டு. அறுவையின்போது தளர்த்தப்பட்ட தசைகளை மீட்க நியோஸ்டிக்மின் கொடுக்கப்படுகிறது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது; ஆகவே அசிட்டைல்கோலின் பெருகித் தசைகள் வலிமை பெறுகின்றன. ஆனால் அதே பெருக்கத்தால் இதயம் தளரும், மூச்சுக்குழலில் நீர் சுரக்கும். அவற்றைத் தடுக்கவே அட்ரோப்பீனோ கிளைக்கோபைரோலேட்டோ உடன் செலுத்தப்படுகிறது.

கரிமப் பாஸ்பரஸ் பூச்சிமருந்துகள் தடுப்பதும் அதே நொதியைத்தான். மயக்க மருத்துவர் அளந்து உண்டாக்கும் மாறுதலை, அந்நஞ்சு அளவின்றி உண்டாக்குகிறது. கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், வாயில் நுரை தள்ளும், நுரையீரல் நீரால் நிறையும், மூச்சு நின்றுவிடும். 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில், மோனோகுரோட்டோபாஸ் கலந்த மதிய உணவால் 23 குழந்தைகள் உயிரிழந்தனர். ஆசிரியர் சமூகம் மறக்கலாகாத செய்தி இது.

இத்தகைய நோயாளிக்கு வேண்டும் அளவு யாது? முதலில் 1 முதல் 3 மில்லிகிராம். ஐந்து நிமிடத்தில் குணம் காணாவிடில் அதனை இரட்டிப்பது. நுரையீரல் தெளிந்து, நாடித்துடிப்பு 80-க்கு மேல் ஏறி, இரத்த அழுத்தம் சீராகும்வரை இவ்வாறே தொடர்வது. 2, 4, 8 என மூன்று முறை கொடுத்தாலே 14 மில்லிகிராம் ஆகிறது. ஓர் ஊசிக்குப்பியில் 0.6 மில்லிகிராம் எனக் கொண்டால், முதற் பத்து நிமிடத்திற்கே 23 குப்பிகளுக்கு மேல் வேண்டும். வங்கதேசத்துச் சிட்டகாங்கில் நடைபெற்று 2012-இல் வெளியான ஆய்வில், பழைய முறையில் மருந்து பெற்றோருள் 22.5 சதவீதத்தினர் இறந்தனர். இரட்டிக்கும் முறையில் பெற்று, பின் சீராகச் செலுத்தப்பெற்றோருள் இறந்தோர் 8 சதவீதத்தினரே. பத்துக் குப்பிகளை அலமாரியில் வைத்துக்கொண்டு இருப்புப் போதும் எனக் கணக்கெழுதும் நிலையம், இரண்டாம் ஊசிக்குப்பின் வெறுங்கையுடன் நிற்கும்.

அட்ரோப்பீன் மிகுந்தாலும் கேடுண்டு என்பர் சிலர். உண்மையே; கடுங்கோடையில் வியர்வையற்று உடல் கொதிப்பதும், நோயாளி பிதற்றுவதும் மிகையின் குறிகள். ஆனால் இவை அருகிருந்து கண்காணிப்பதற்குக் காரணமேயன்றி, குறைவாகக் கொடுப்பதற்குக் காரணமல்ல. மேலும், தசைகளின் தளர்ச்சியை அட்ரோப்பீன் நீக்காது; ஆதலின் மூச்சுக்குத் துணைசெய்யும் கருவியும் பயின்ற கைகளும் உள்ள மருத்துவமனைக்கு நோயாளியை விரைந்து கொண்டுசேர்ப்பது இன்றியமையாதது.

பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை எளியன. நஞ்சு பட்ட உடையைக் களைந்து, தம் கையில் படாதவாறு காத்து, உடலைச் சோப்பு நீரால் கழுவுதல். நினைவிழந்தவரை இடப்பக்கமாகக் கிடத்துதல். வாந்தி எடுக்கத் தூண்டாதிருத்தல். நஞ்சுப் புட்டியின் பெயர்ச்சீட்டை மருத்துவரிடம் சேர்ப்பித்தல். ஊமத்தையில் அட்ரோப்பீன் உண்டென்று கேட்டு அதன் விதையை அரைத்துக் கொடுப்பது மற்றொரு நஞ்சை ஊட்டுவதாகும். பூச்சிமருந்தின் காலிக் கலங்களைச் சமையலறைப் பக்கமே கொண்டுவரலாகாது.

மருந்திருப்பை நிர்ணயிக்கும் அதிகாரிகள் ஓர் உண்மையை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். அந்நிலையத்தில் எத்தனை அறுவைகள் நடக்கின்றன என்பதைக்கொண்டு அட்ரோப்பீனின் தேவையைக் கணிப்பது பிழை. அவ்வட்டாரத்து வயல்களில் எந்நஞ்சு தெளிக்கப்படுகிறது என்பதே அக்கணக்கின் அடிப்படையாக வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. காக்கப்படும் உயிர்களோ பல.