காளிகாட் குறிப்புகள்: வண்டியின் வயது

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு காளிகாட் நிலையத்துப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். நம் சங்கத்தின் மூத்த அங்கத்தினரின் துணைவியார் ஒருவர் நம்மை நிறுத்தினார். “தம்பி, நீங்கள் ரயில்வேக்காரர்தாமே? ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லவேண்டும். கோரமண்டலில் மருமகளும் குழந்தைகளும் ஊருக்குப் போகிறேன் என்கிறார்கள். பெட்டி பழையதா, புதியதா? பழையதென்றால் நான் அனுப்பமாட்டேன்” என்றார். 2023-க்குப் பிறகு அக்குடும்பம் ரயிலில் ஊர் சென்றதில்லை. விமானக் கட்டணத்துக்குப் பணம் சேர்ந்த ஆண்டில் செல்வார்கள். சேராத ஆண்டில் பாட்டி பேரனைத் தொலைபேசியில்தான் பார்ப்பார்.

“பயமில்லை அம்மா, எல்லாம் புதுப் பெட்டிகளே” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினோம். ஏறியபின் அந்த விடை நமக்கே உவப்பாயில்லை. அவர் கேட்டது பெட்டியின் வயது. அவர் அறிய விரும்பியதோ வேறு. அதைப் பற்றியே இம்மாதக் குறிப்பு.

நாம் நின்றுகொண்டிருந்த காளிகாட் நிலையம் 1986 ஏப்ரல் 29-ல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் பாதாள ரயில் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னர், 1984 அக்டோபர் 24-ல், எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே மூன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம் ஓடத் தொடங்கியிருந்தது. வங்காளிகள் அதற்கு அன்று இட்ட பெயரும் ‘பாதாள் ரேல்’தான். அந்த வண்டிப் பெட்டிகள் நம் சென்னைப் பெரம்பூரில் கட்டப்பட்டவை என்பதை இளைய தலைமுறை அறிந்திராது. பெரம்பூர்த் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2-ல் பிரதமர் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. அங்கிருந்து வந்த பெட்டிகள் முப்பத்தேழு ஆண்டுக் காலம் ராஷ்பிகாரி அவென்யூவின் தமிழ்க் குடும்பங்களை அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஏற்றிச் சென்றன. குளிர்சாதனமற்ற அவ்வகை வண்டிகளுக்கு 2021 அக்டோபர் 24-ல், அதே பிறந்தநாளில், விடை கொடுத்தார்கள். கடைசி ஆண்டுகளில் அவை பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விசிறியின் ஓலம், பூட்டாத கதவு, சுரங்கத்தின் நடுவே மூச்சுவிடாமல் நின்றுவிடும் வண்டி, ஐப்பசியிலும் ஆறாத வியர்வை. ரயில் பெட்டிக்குப் பொதுவாக இருபத்தைந்து ஆண்டு ஆயுள் என்று கணக்கிடுவது வழக்கம்.

எனவே பழையது போய்ப் புதியது வந்தால் கவலை தீர்ந்தது என்று நாம் எண்ணியது இயல்பே. 2010 அக்டோபரில் குளிர்சாதன வண்டிகள் வந்தன. அவையும் பெரம்பூரின் படைப்புகளே. 2018 டிசம்பர் 27 மாலை, ரவீந்திர சதனுக்கும் மைதான நிலையத்துக்கும் இடையே தீயும் புகையும் கிளம்பிச் சுரங்கத்தில் நின்றது ஒரு குளிர்சாதன வண்டி. பிரயாணிகள் கண்ணாடியை உடைத்து வெளியேறினர். பலர் மூச்சுத் திணறி மருத்துவமனை சேர்ந்தனர். 2019 ஜூலை 13-ல் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில், புதிதாகச் சேவைக்கு வந்த வண்டியொன்றின் கதவில் முதியவர் ஒருவரின் கை சிக்கியது. கதவு முழுதும் மூடாமலிருக்க வண்டி கிளம்பிவிட்டது. அவர் உயிரிழந்தார். கதவிடையே பொருள் இருந்தால் வண்டி நகரலாகாது என்பதற்காகவே அமைத்த உணர்கருவி, மனிதனின் கையை உணரவில்லை. வண்டி புதியது, கருவியும் புதியது.

நிலையங்களின் கதையும் அவ்வாறே. தெற்கு எல்லையான கவி சுபாஷ் நிலையம் 2010-ல் திறந்தது. 2025 ஜூலை 28-ல் அதன் தூண்களில் விரிசல் கண்டு மூடினார்கள். வண்டிகள் ஷாகித் க்ஷுதிராமோடு திரும்பலாயின. நாற்பது வயது நெருங்கும் காளிகாட் நிலையம் நிற்கிறது. பதினைந்து வயது நிலையம் நிற்கவில்லை. வயதைக் கொண்டு மட்டும் எதையும் நம்பலாகாது என்று நம் வட்டாரமே நமக்குக் கற்பித்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லவேண்டும். சீனத்து டாலியன் நகரில் கட்டிய முதல் வண்டி 2019 மார்ச்சில் கொல்கத்தா வந்து சேர்ந்தது. பிரயாணிகளை ஏற்றியது 2023 மார்ச்சில்தான். நான்கு ஆண்டுகள்! சோதனை, திருத்தம், மறுசோதனை, நடுவே கொரோனா. இதைக் குறித்து நம் கூட்டங்களில் எத்தனை நையாண்டி! நாமும் அதில் பங்குகொண்டோம். பார்க் ஸ்ட்ரீட்டை நினைத்தபோது நமது நையாண்டியை நாமே மென்று விழுங்கவேண்டியதாயிற்று.

அப்படியானால் நம்பத்தக்கது எது? வண்டியை ஓட்டுகிறவரையும் பழுது பார்க்கிறவரையும் யார் பார்க்கிறார் என்பதே கேள்வி. கணக்கு எழுதுகிறவனே தணிக்கையும் செய்யலாகாது என்பது எங்கள் போன்ற குமாஸ்தாக்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம். ரயில்வேயிலும் இவ்விதி உண்டு. முன்னாளில் சர்க்கார் ரயில் இன்ஸ்பெக்டர்கள் ரயில்வே போர்டுக்கே கட்டுப்பட்டிருந்தனர். இது பொருந்தாதென்று 1939-ல் ஒரு நிபுணர் குழு கூறிற்று. 1941 மே மாதத்தில் அவர்களைப் பிரித்துத் தபால், விமானப் போக்குவரத்துத் துறையின் கீழ் வைத்தார்கள். இன்றும் ரயில் பாதுகாப்பு ஆணையம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சேர்ந்தது, தலைமையகம் லக்னோவில். ரயிலை விமானத்துறை மேற்பார்ப்பதா என்று சிரிப்பவர்கள், அந்த ஏற்பாட்டின் உள்நோக்கத்தைச் சற்று எண்ணிப்பார்க்கவேண்டும்.

தமிழருக்கு இவ்வதிகாரிகளின் பெயர் முதன்முதல் பரிச்சயமானது துயரத்தில்தான். 1956 நவம்பர் 23 விடியலில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சரிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார்; உதவி மந்திரியாயிருந்தவர் நம்மவரான ஓ. வி. அழகேசன். மந்திரியின் ராஜிநாமா இன்றளவும் பேசப்படுகிறது. பாலத்தில் குறை என்ன, எச்சரிக்கை ஏன் எட்டவில்லை என்று ஆராயும் சர்க்கார் இன்ஸ்பெக்டரின் பணியை யாரும் நினைவுகூர்வதில்லை. 1961-லிருந்து அவ்வுத்தியோகத்துக்கு ரயில் பாதுகாப்பு ஆணையர் என்று பெயர்.

இவ்வாணையர் இசைவு தராமல் புதுப்பாதையில் பிரயாணிகள் வண்டி ஓடாது. உயிர்ச்சேதம் விளைந்த பெரும் விபத்துகளை விசாரிப்பவரும் அவரே. 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டம் இவற்றை வகுத்துள்ளது. ஆயினும் அவர் அதிகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அவர் பரிந்துரைப்பார், ஏற்பதும் ஒதுக்குவதும் ரயில்வே போர்டின் கையில். ஆணையர்களும் ரயில்வேப் பணியிலிருந்தே வருபவர்கள். இக்குறையை நீக்கச் சட்டப்படி அமைந்த தனி ரயில் பாதுகாப்பு அதிகார அமைப்பு வேண்டுமென்று விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012-ல் கூறிற்று. அது இன்னும் காகிதத்திலேயே இருக்கிறது.

பணத்தின் கதை வேறு. பாதுகாப்புக்கென்றே ஐந்தாண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று 2017-18-ல் ஒரு நிதி தொடங்கினார்கள். தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2022 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தண்டவாளத்தை அளந்து பார்க்கும் வண்டிகளின் சோதனைகள் முப்பது முதல் நூறு சதவீதம் வரை குறைந்திருந்தன என்று அதில் கண்டிருந்தது. அந்நிதியில் சிறிது பீங்கான் பாத்திரத்துக்கும் பாதம் பிடித்துவிடும் இயந்திரத்துக்கும் செலவாயிற்று என்றும் எழுதியிருந்தது. யார் பாதமோ!

இனி, அந்த அம்மையார் மனத்தில் இருந்த விபத்துக்கு வருவோம். 2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கிச் சென்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பாலேசுவரம் மாவட்டத்துப் பஹானாகா பஜார் நிலையத்தில் நேர்பாதையில் செல்லாமல் கிளைப்பாதையில் புகுந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியில் மோதியது. புரண்ட பெட்டிகள் எதிரே வந்த பெங்களூர்-ஹௌரா வண்டியின் வாலையும் தாக்கின. இறந்தோர் 290-க்கு மேல். அப்பெட்டிகள் பழைய பெரம்பூர் வகையல்ல. மோதினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதிருக்க ஜெர்மானிய முறையில் அமைத்த எல்.எச்.பி. பெட்டிகளே. பழைய வகையைப் பெரம்பூர் 2018 ஜனவரியிலேயே கட்டி நிறுத்திவிட்டது.

தென்கிழக்கு வட்டப் பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை, பிழை சைகைக் கம்பி இணைப்பில் என்று கண்டது. முன்னர் ஒருமுறை அந்நிலையத்து இணைப்புகளை மாற்றியபோதே தவறு புகுந்துவிட்டது. விபத்து நாளன்று லெவல் கிராஸிங் கதவின் வேலைக்காக மீண்டும் கைவைத்தபோது அத்தவறு பலித்தது. அறிக்கையில் நம்மைத் திடுக்கிடச் செய்த வரி வேறொன்று. 2022 மே 16-ல், இங்கே நம் ஹௌரா மாவட்டத்து பாங்ரா நயாபாஜ் நிலையத்தில், இதே போன்ற கம்பிப் பிழையால் ஒரு சம்பவம் நிகழ்ந்திருந்தது. அதிலிருந்து கற்று இணைப்புகளைச் சரிபார்த்திருந்தால் பாலேசுவர விபத்து நேர்ந்திராது என்கிறார் ஆணையர். ஓராண்டுக்கும் மேலாக எச்சரிக்கை ஒரு கோப்பில் இருந்தது! கோப்புகளோடு வாழும் நமக்கு அது எவ்வாறு கிடந்திருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதி மூடும் பழக்கம் எந்த அலுவலகத்திலும் உண்டு. நம் கையும் அதை எழுதியதுண்டு.

அறிக்கைகள் யாருடைய வாக்குமூலத்தால் நிரம்புகின்றன என்பதையும் சொல்லவேண்டும். பெரு விபத்துக்குப் பின் ஆணையர் விசாரணை நடத்துமுன் பத்திரிகைகளில் அறிவிப்பு வெளியாகும். விபத்தைக் கண்டவர், அதில் பிரயாணம் செய்தவர் எவரும் நேரில் வந்தோ எழுதியோ சாட்சி சொல்லலாம். நம் மக்கள் பெரும்பாலும் வருவதில்லை. வங்காளம் தெரியாது, ஹிந்தி வராது, போலீஸ் வழக்காகிவிடும் என்று தயக்கம். இது போலீஸ் விசாரணையன்று. தெரிந்த மொழியில் எழுதிக்கொடுத்தால் நம் சங்கத்திலேயே மொழிபெயர்த்துத் தர ஆள் உண்டு. கதவு எத்தனை விநாடி திறந்திருந்தது, புகை எங்கிருந்து வந்தது, எவர் கண்ணாடியை உடைத்தார் என்பதெல்லாம் உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும். சிறு குறைகளுக்கு 139 என்ற எண் இருக்கிறது. வண்டி எண், பெட்டி எண், நேரம் மூன்றும் சொல்லாத புகார் எங்கள் மேஜையில் தங்காது என்பதை அனுபவத்தால் கூறுகிறோம்.

பெட்டி எண் என்றதும் ஒரு பயனுள்ள செய்தி. ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் ஐந்து அல்லது ஆறு இலக்க எண் எழுதியிருக்கும். முதலிரண்டு இலக்கம் பொதுவாக அது கட்டப்பட்ட ஆண்டு. 99 என்றால் 1999. 16 என்றால் 2016. பெட்டியின் முனைச் சுவரில் கடைசியாகப் பெரும் பழுது பார்த்த பட்டறையும் தேதியும், மீண்டும் பட்டறைக்குத் திரும்பவேண்டிய தேதியும் எழுதியிருக்கும். முன்னதைக் காட்டிலும் பின்னதைப் பார்ப்பதே மேல். வயது கூடிய பெட்டி நாள் தவறாமல் பட்டறை கண்டிருந்தால், நாள் கடந்த இளம் பெட்டியைவிட அதையே நாம் தேர்வோம்.

இங்கே ஒரு பழங்கதை. காளிகாட்டின் பெயர் சூடிய ரயில் ஒன்று முன்பு இருந்தது. 1917-ல் மக்லௌட் கம்பெனியார் ஓட்டிய காளிகாட்-ஃபல்தா சிறுபாதை அது. இரண்டரை அடி அகலம். 1957-ல் நின்றது. அதன் தடத்தின்மேல்தான் இன்று பேஹாலாப் பக்கம் ஜேம்ஸ் லாங் சரணி ஓடுகிறது. ஹௌரா-ஆம்தா மார்ட்டின் ரயிலும் 1971-ல் அவ்வாறே முடிந்தது. புதுப்பிக்கப் பணம் போடுவோர் இல்லாத சிறு ரயில்கள் கிழடுதட்டி நின்றால் மறுபடி எழுவதில்லை. ஆம்தாவுக்கு அகலப் பாதை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. ஆகையால் பழைய வண்டியைக் கண்டதும் ‘எடுத்தெறி’ என்று கூச்சலிட நமக்குத் தயக்கமுண்டு. எடுத்த இடத்தில் என்ன வைப்பார்கள் என்பதையும் கேட்டுவிட்டே கூச்சலிடவேண்டும்.

அந்த அம்மையாரிடம் மறுவாரம் சென்று இவ்வளவையும் கூறினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “கம்பி இணைப்பை நான் எப்படிப் பார்ப்பது?” என்றார் இறுதியில். நம்மிடம் அதற்கு விடை இல்லை. “அது உங்களால் ஆகாது, என்னாலும் ஆகாது. அதைப் பார்க்கச் சம்பளம் வாங்குபவர் பார்த்தாரா என்று கேட்கும் உரிமைதான் நமக்கு” என்றோம். “அந்தத் தேதியையாவது பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

பயண நாள் பிற்பகல் ஷாலிமாருக்கு நாமும் சென்றோம். மருமகளும் இரு குழந்தைகளும் ஏறிய பெட்டியின் எண் 19 என்று தொடங்கியது. முனைச் சுவரில் எழுத்து சற்று மங்கியிருந்தது, குனிந்து படித்தோம். திரும்பும் தேதிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. தொலைபேசியில் தெரிவித்தோம். “குழந்தைகள் ஜன்னலோரமா?” என்று கேட்டார் அம்மையார். ஆம் என்றோம். மறுநாள் மாலை சென்னை சேர்ந்த செய்தி வந்தது. ஐம்பது நிமிடம் தாமதம்.