அடுத்த வீட்டுப் பையன்

தில்லித் தமிழ்க் குடும்பங்கள்ல இப்போ புதுசா ஒரு பயம் கிளம்பியிருக்கு. காலேஜ் போற நம்ம பொண்ணுங்க ஜப்பான் காமிக்ஸ் படிக்கிறாங்களாம். அதுல ரெண்டு ஆம்பிளைங்க காதலிக்கிறாங்களாம். எங்க காலனி வாட்ஸப் குழுவுல ஒரு பெரியவர், பிள்ளைங்க போனை வாரம் ஒரு தடவை சோதிக்கணும்னு நீளமா சுற்றறிக்கை விட்டிருக்கார். கீழே வரிசையா கைகூப்பும் பொம்மைகள். நான் வங்கிக்காரன், சுற்றறிக்கை படிச்சே தலை நரைச்சவன். இதுக்கு மட்டும் பதில் சொல்லாம இருக்க முடியலை.

முதல்ல அது என்னன்னு பார்த்துடுவோம். 'பாய்ஸ் லவ்' மங்கா 1970கள்ல தாகெமியா கெய்கோ, ஹாகியோ மோட்டோ மாதிரி ஜப்பானியப் பெண் ஓவியர்கள் ஆரம்பிச்சு வெச்ச வகை. எழுதறதும் படிக்கிறதும் இன்னிக்கும் பெரும்பாலும் பெண்கள்தான். என் பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு. அவகிட்ட கேட்டு நாலஞ்சு வாங்கிப் படிச்சேன். (நம்ம சுற்றறிக்கைப் பெரியவர் ஒண்ணாவது புரட்டியிருப்பாரான்னு எனக்கு சந்தேகம்தான்.)

அதுல பாதி பக்கத்து வீட்டுக் கதைங்க. டோக்கியோவுல சுவர் மெலிசான ஒரு குடியிருப்பு. ஒருத்தன் ஆபீஸ் போறவன், சட்டையில மடிப்பு கலையாது. அடுத்த கதவுக்காரன் ராத்திரி கிடார் வாசிச்சு பகல்ல தூங்கறவன். அங்கே புதுசா குடிவந்தா பக்கத்து வீட்டுக்கு சோபான்னு ஒரு நூடுல்ஸ் கொடுக்கறது பழைய வழக்கம். அதுல ஆரம்பிச்சு, குப்பையைத் தப்பான நாள்ல வெளியே வெச்சதுக்கு சண்டை, அப்புறம் ஒருத்தனுக்கு ஜுரம் வந்தா மத்தவன் கஞ்சி வெச்சுக் கொடுக்கறது. காதல்னு ஒருத்தன் வாயைத் திறக்க நூறு பக்கம் ஆகுது. சத்தியமா எனக்குப் பொறுமையே போயிடுச்சு!

இது நமக்குத் தெரியாத கதையா என்ன? 1960ல வந்த 'அடுத்த வீட்டுப் பெண்' ஞாபகம் இருக்கா? அஞ்சலிதேவி, டி.ஆர்.ராமச்சந்திரன், தங்கவேலு. 1952 வங்காளப் படம் 'பாஷேர் பாரி', தெலுங்கு வழியா நம்மகிட்ட வந்தது. அதே கதைதான் 1968ல இந்தியில 'படோசன்' ஆச்சு. பாடவே வராத ஒருத்தன், நண்பனை ஒளிச்சு வெச்சுப் பாடவிட்டு, தான் வாயசைச்சு ஜன்னல்ல நிக்கிற பொண்ணை ஏமாத்தறான். படோசன்ல குட்டு வெளிப்பட்டதும் தற்கொலை நாடகம் போட்டு அவளை வளைக்கிறாங்க. போதாக்குறைக்கு மெஹ்மூதுக்கு வேட்டி கட்டிவிட்டு, குடுமி வெச்சு, மதராசி பாட்டு வாத்தியார்னு நம்மளையே கேலி பண்ணின படம். அதை நம்ம வீட்டுல குடும்பமா உட்கார்ந்து பார்த்து சிரிச்சோம். பொய்க்குரல், மிரட்டல் எல்லாம் பண்பாடு, ஜுரத்துக்குக் கஞ்சி கொடுத்தா மட்டும் கலாச்சாரச் சீரழிவா? எந்த ஊர் நியாயங்க இது?

எல்லா மங்காவும் உத்தமம்னு நான் சொல்ல வரலை. வேண்டாம்னு சொல்றவனைக் கட்டாயப்படுத்தறதையே காதல்னு காட்டற கதைங்க அதுலயும் உண்டு, பெரியவங்களுக்கு மட்டும்னு முத்திரை குத்தினதும் உண்டு. அதைப் பத்திப் பிள்ளைங்ககிட்ட பேசணும்னா பேசுங்க. ஆனா அந்த அளவுகோலை நம்ம சினிமா மேலயும் வெச்சுப் பாருங்க. எத்தனை படம் தேறும்னு நீங்களே எண்ணிச் சொல்லுங்க.

அடுத்த வாதம், "இது வெளிநாட்டு சரக்கு, நம்ம ஊருக்கு ஆகாது." ஐயா, நாம இருக்கற ஊர் எதுன்னு மறந்துட்டீங்களா? 2009 ஜூலை 2, நாஸ் ஃபவுண்டேஷன் வழக்கு. வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட சேர்ந்தா குற்றமில்லைன்னு தீர்ப்பு சொன்னது இதே தில்லி உயர் நீதிமன்றம். அமர்வுல இருந்தவங்க ஏ.பி.ஷாவும் எஸ்.முரளிதரும். ஷா அதுக்கு முன்னாடி சென்னையில தலைமை நீதிபதி. முரளிதர் சென்னையில வக்கீல் தொழில் ஆரம்பிச்சவர். 2013 டிசம்பர் 11ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது, 2018 செப்டம்பர் 6ல அதே நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் திரும்ப நிமிர்த்தினாங்க. கல்யாணத்தை மட்டும் 2023 அக்டோபர் 17ல தாங்க அங்கீகரிக்க முடியாதுன்னுட்டாங்க.

கல்யாணம் இல்லைன்னா மிச்சம் என்ன இருக்கு? வாடகை வீடும் வங்கிக் கணக்கும்தான். இது என் ஏரியா, அதனால கொஞ்சம் நீட்டறேன், பொறுத்துக்குங்க.

கூட்டுக் கணக்குக்கு ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா இருக்கணும்னு விதியே கிடையாது. 1985 நாமினேஷன் விதிகளோட டிஏ-1 படிவத்துலகூட, வைப்புதாரருக்கு என்ன உறவுங்கற கட்டத்துல 'இருந்தால்'னுதான் போட்டிருந்தது. இருந்தாலும் ரெண்டு ஆம்பிளைங்க சேர்ந்து வந்து நின்னா கவுண்ட்டர்ல ஒரு நமுட்டுச் சிரிப்பு வரும், "அண்ணன் தம்பியா?"ன்னு ஒரு கேள்வி வரும். கடைசியில 2024 ஆகஸ்ட் 28ல நிதியமைச்சகமே, தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூட்டுக் கணக்கு திறக்கவும் துணையை நாமினியா போடவும் எந்தத் தடையும் இல்லைன்னு எழுத்துல சொல்ல வேண்டியதாச்சு. தடையே இல்லாத விஷயத்துக்குத் தடையில்லைன்னு ஒரு அறிவிப்பு! தடை அவ்வளவும் கவுண்ட்டருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கற என்னை மாதிரி ஆளுங்க மூஞ்சியிலதான் இருந்தது.

வீடு இன்னும் மோசம். நம்மள்ல பலர் முனிர்காவுலயும் கரோல்பாக்லயும் வீடு தேடின காலம் ஞாபகம் இருக்கட்டும். பேச்சிலரா, மதராசியா, வீட்டுல மீன் சமைப்பியா... படியேறும்போதே ஆரம்பிக்கும். அந்தப் பஞ்சாபி வீட்டுக்காரம்மாக்களுக்கு நாமதான் பொருந்தாத பக்கத்து வீட்டுக்காரங்க. நம்ம சாம்பார்ப் பொடியும் அவங்க வீட்டு ஊறுகாயும் கை மாறி, ஜாடைமாடையா சண்டை போட்டு, அப்புறம் ஒரு ஜுரத்துல யாரோ கதவைத் தட்டித்தான் நம்ம குடித்தனமே நிலைச்சது. இன்னிக்கு நமக்கே மயூர் விஹார்ல ஒரு பிளாட், வாடகைக்கு விட ஒரு மாடி. இப்போ அதே கேள்விகளை நாம கேட்கறோம். கூடவே ஒண்ணு சேர்த்துக்கிட்டோம்: "ரெண்டு பேருக்கும் ஏன் ஒரே ரூம்?"

அதனால போன் சோதனைக்கு வரிஞ்சு கட்டற அப்பா அம்மாக்களே, ஒரே ஒரு கேள்வி. நாளைக்கு உங்க மாடி போர்ஷனுக்கு ரெண்டு பசங்க வர்றாங்க. நல்ல வேலை, ஆதார் இருக்கு, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சது, ரெண்டு மாச அட்வான்ஸ் கையில. யார் யாருக்கு என்ன உறவுன்னு அவங்க சொல்லலை. சாவியைக் கொடுப்பீங்களா, மாட்டீங்களா? பின்னூட்டத்துல உங்க சொந்தப் பேரோட வந்து சொல்லுங்க.