சேஷாசலத்துத் தீயும் ஆகாயத்து மருந்தும்

2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திருமலையைச் சூழ்ந்த சேஷாசல வனத்தில் மூண்ட தீ, வனக் காவலரின் கைக்கு அடங்காமல் பரவி, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பெரிய வாளிகளில் தண்ணீர் முகந்துவந்து கொட்டிய பிறகே ஒருவாறு தணிந்ததைப் புத்தூர், நகரி வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். கோடைதோறும் இம்மலைகளில் புகை எழும்போதெல்லாம், மேல்நாட்டாரைப் போல நாமும் ஆகாய விமானத்திலிருந்து தீத்தடுப்பு ரசாயனத்தைப் பொழிந்தால் என்ன என்ற யோசனை எழுவது இயல்பே. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து மலைச்சரிவுகள் அந்த மருந்தால் இளஞ்சிவப்பாகிக் கிடந்த படங்கள் அந்த ஆசையை வளர்த்திருக்கவும் கூடும்.

அந்த மருந்தின் பிரதான அம்சம் அம்மோனியம் பாஸ்பேட் என்னும் உப்பு. நம் உழவர்கள் அடியுரமாக இடும் டி.ஏ.பி.யின் இனம். விழுந்த இடம் விமானிக்குப் புலப்படுவதற்காக அதில் செந்நிறமும், இலையில் ஒட்டிக்கொள்வதற்காகப் பசையும் சேர்க்கிறார்கள். தீ வருமுன்பே புல்லிலும் சருகிலும் படிந்து, சூடேறும்போது அவை கொழுந்துவிட்டு எரியாமல் கரியாகிவிடும்படி செய்வதே அதன் வேலை. தீயின் வேகம் குறையுமே ஒழியத் தீ அணைவதில்லை. அணைப்பதற்குத் தரையில் ஆட்கள் நின்றாக வேண்டும்.

இந்த உப்பு நீரில் கலந்தால் அதன் அம்மோனியா மீன்களுக்கு விஷமாகிறது. ஆகவேதான் அமெரிக்க வனத்துறை நீரோடைகளின் இருபுறமும் 300 அடிக்குள் அதைப் பொழியலாகாதென்று விதித்திருக்கிறது. அப்படியிருந்தும் ஓடைகளில் விழுந்துவிடுவதால் வழக்கு எழுந்து, அனுமதியின்றி இவ்வாறு நீரில் கலக்கச் செய்வது சட்டமீறல் என்று மொன்டானாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆனால் உபயோகத்துக்குத் தடை விதிக்கவில்லை. பரந்த நிலமும் பெரும் விமானப் படையும் படைத்தோரே தடுமாறும் இந்தக் காரியத்தை, கோனை என்னும் மலையிடுக்குதோறும் ஊற்று கசியும் நம் குறுகிய பள்ளத்தாக்குகளில் செய்யத் துணிவது விவேகமாகுமா? இம்மலைப் பிரதேசத்து மழையில் ஒரு பங்கு ஆரணியாறாகிப் பிச்சாட்டூர் அணையில் தேங்கி, ஊத்துக்கோட்டையைக் கடந்து பழவேற்காட்டருகே கடலைச் சேர்கிறது. இங்கே விழும் ரசாயனம் தமிழ்நாட்டு வயலையும் எட்டும். மெலிந்த கல்மண்ணிலேயே வாழப் பழகிய செம்மரக் காட்டுக்கு எருவிட்டால், அதை உண்டு முதலில் கொழுப்பவை உண்ணிச்செடி போன்ற களைகளே. அடுத்த கோடையின் தீக்கு விறகாகப் போகிறவையும் அவையே.

தீ எப்படிப் பிறக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் காடுகளில் தீ பெரும்பாலும் மனிதனாலேயே மூள்கிறது: மழைக்குப் பின் இளம்புல் தழைக்கட்டும் என்று காய்ந்த புல்லுக்கு வைக்கும் நெருப்பு, அணைக்காது எறிந்த பீடி, காட்டுக்குள் சமைத்தவர்கள் விட்டுச்சென்ற அடுப்பு. முதிர்ந்த மரம் தடித்த பட்டையால் ஒரு தீயைத் தாங்கிவிடும்; தீ வருஷந்தோறும் வந்தால் மரக்கன்றுகள் மடிகின்றன, சருகின் போர்வையிழந்த மேல்மண் முதல் மழையோடு கரைந்து ஏரிக்குப் போய்விடுகிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரத்துக்கு ஆந்திரத்தின் தென்பகுதியிலுள்ள இம்மலைத்தொடர்களே தாயகம் என்பதால், இங்கே இழப்பதை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து ஈடுசெய்ய முடியாது.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியே கண்டறிந்து அனுப்பும் தீ எச்சரிக்கை இன்று கைபேசிக்கே வந்துவிடுகிறது. ஆனால் மலையேறிப் போய்ப் பச்சைத் தழைக்கொத்தால் தீயை அடித்து அணைக்க வேண்டியவர், பெரும்பாலும் அடிவாரத்துக் கிராமத்திலிருந்து கோடைக்கு மட்டும் கூலிக்கு அமர்த்தப்படும் காவலரே. நல்ல காலணியும் போதிய குடிநீரும் அவருக்குக் கிடைக்கச் செய்வது விமானத்தை வாங்குவதைவிட அவசரமான கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆந்திர அரசும், யாத்திரிகர்களின் பொருட்டு இம்மலையால் பயனடையும் திருமலை திருப்பதி தேவஸ்தானமும் சேர்ந்து, மாசி பிறக்குமுன் தீத்தடுப்புக் கோடுகளைச் செதுக்கி முடித்து, அந்தக் காவலர்களுக்கு மாதந்தவறாமல் கூலி கொடுத்து, ஆடுமாடு மேய்ப்போரை அழைத்துப் பேசி மாற்றுத் தீவனத்துக்கு வழிசெய்ய வேண்டும்.