சும்மா ஒரு டிசைன் தானே?

"தம்பியவை, சும்மா ஒரு அப் டிசைன் தானே? நீங்கள் படிக்கிற பிள்ளையள். உங்களுக்கும் ஒரு அனுபவமா இருக்கும்."

போன வருசம் எங்கள் மூன்று பேருக்கும் கிடைத்த முதல் பெரிய வேலை இப்படித்தான் தொடங்கியது. கேட்டவர் எங்களில் ஒருவனுக்குச் சொந்தம், வெளிநாட்டில் இருக்கிறார். கலியாண மண்டபம் பதிவு செய்கிற அப், 14 திரைகள், 50,000 ரூபாய். எல்லாம் வட்ஸ்அப் குரல் பதிவில் பேசினதுதான். ஆறு தரம் மாற்றிக் கொடுத்தோம். மூன்று பேரின் நேரத்தையும் கூட்டினால் 61 மணித்தியாலம். கைக்கு வந்தது 25,000. மிச்சம், "அப் ஓடத் தொடங்கட்டும், பாப்பம்". அப் இன்னும் ஓடவில்லை. கணக்குப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 410 ரூபாய் கூட இல்லை. எங்களில் ஒருவனுடைய லப்டொப் அம்மாவின் காப்பை அடகு வைத்து வாங்கினது. காப்பு இன்னும் அடகில்தான் கிடக்கிறது.

டிசைன் என்றால் கலர் அடிக்கிறது என்றுதான் கனபேர் நினைக்கினம். அந்த அப்புக்காக மண்டபம் வைத்திருக்கிற ஒரு ஐயாவோடு போய்க் கதைத்தோம். "ஆக்கள் முதல்ல மண்டபத்தைக் கேக்கிறேல்லை, நாளைத்தான் கேக்கிறவை" என்றார். அந்த ஒரு வசனத்தால் முதல் திரையில் இருந்த மண்டபப் படங்களை எடுத்துவிட்டு, நல்ல நாள் காட்டும் கலண்டரை வைத்தோம். 'சேவ்' என்று கச்சிதமாக நின்ற பொத்தானுக்குள் 'சேமிக்கவும்' என்று போட்டால் எழுத்து வெளியில் தள்ளும். தமிழுக்காக ஒவ்வொரு பொத்தானையும் திரும்ப அளந்தோம். 61 மணித்தியாலத்தில் பெரும்பகுதி இப்படி யோசிக்கவும் ஆக்களோடு கதைக்கவும்தான் போனது. அதற்கு ஒருவரும் விலை பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

பிறீலான்ஸ் என்றால் 'உனக்கு நீயே முதலாளி' என்பார்கள். சரி, முதலாளி என்ன செய்ய வேணும்? ஒரு கம்பனியில் வேலை செய்பவருக்குச் சம்பளத்துக்கு மேலே ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 முதலாளி கட்டுகிறார். எங்களுக்கு யார் கட்டுவது? காய்ச்சல் வந்தால் லீவு இல்லை. டேட்டா எங்கட காசு. ஃபைவரில் 100 டொலர் வேலை செய்தால் 20 டொலரை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானமும், விலக்கு எல்லையைத் தாண்டினால், வரிக்குள் வருகிறது. அரசாங்கமே இதை உழைப்பு என்று கணக்கெடுத்துவிட்டது. வீட்டில்தான் இன்னும் "வேலை ஒண்டு எப்ப எடுக்கப்போறாய்?" என்று கேட்கினம்.

இன்னொரு கதையும் அடிக்கடி வரும். "யாழ்ப்பாணத்தில இருக்கிற உங்களுக்கு இது நல்ல காசு தானே?" நாங்கள் எங்கே இருந்து செய்கிறோம் என்பதை வைத்துத்தான் விலை வருகிறது. என்ன செய்கிறோம் என்பதைக் கேட்பதில்லை. ஆனால் நாங்கள் வாங்கும் லப்டொப்புக்கு யாழ்ப்பாண விலை என்று ஒன்று கிடையாது.

எல்லாப் பிழையையும் மற்றவர்கள் தலையில் போடவும் ஏலாது. முதலாம் வருசத்தில் ஒரு கடைக்கு 5,000 சொன்ன அண்ணாவின் வேலையை நாங்கள் 1,500க்குச் செய்து கொடுத்தோம். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வருசம் அதே கடைக்காரர் எங்களிடம், "வேற பெடியள் ஆயிரத்துக்குச் செய்யினம்" என்றார். அந்தக் கிடங்கை நாங்களும் சேர்ந்துதான் வெட்டினோம்.

இப்போது எங்களிடம் நாலு விதிகள் இருக்கின்றன. என்ன வேலை, எவ்வளவு, எப்போது என்று எழுதி அனுப்புகிறோம், சொந்தக்காரர் என்றாலும். பாதிக் காசு முற்பணம். இரண்டு தரம் மாற்றம் சும்மா, மூன்றாவதுக்குக் காசு. முழுக் காசும் வந்த பிறகுதான் ஃபிக்மா கோப்பு கைமாறும். இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது, ஒரு சொந்தக்காரருக்குக் கோபம். ஆனால் பிறகு வந்த மூன்று வேலைக்கும் முழுக் காசு கிடைத்தது.

மூன்று பேர் மட்டும் இதைப் பிடித்துக்கொண்டு நின்றால் காணாது. நீங்களும் இந்த வேலை செய்கிறீர்கள் என்றால், உங்கட விலையைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒளிக்காதீர்கள். ஒரு வேலை வந்தால், முதல் செய்தவருக்குக் காசு கிடைத்ததா என்று கேட்டுவிட்டு எடுங்கள். குறைந்தது இவ்வளவு என்று ஒரு தொகையை உங்கட பச்சுக்குள் கதைத்து முடிவெடுங்கள். நாங்கள் எங்கட பச்சில் அந்தக் கதையைத் தொடங்கிவிட்டோம். முதல் நாள் வந்தது ஏழு பேர். ஏழு பேரிடமும் வாங்காத காசுக் கதை ஒன்றாவது இருந்தது.