ஃபியூஸ் பிழைத்தது, மாஸ்ஃபெட் போச்சு!

2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் கொட்டியது 46 செ.மீ மழை. ஒதியம்பட்டில் அத்தை வீட்டில் கரன்ட் போய்ப் பல மணி நேரம். இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ஒரு ஃபேன், இரண்டு லைட்.

ஃபிரிட்ஜில் தாத்தாவின் இன்சுலின் இருந்தது. "அதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்று மாமா ஃபிரிட்ஜ் பிளக்கைக் கொண்டுபோய் இன்வெர்ட்டர் லைனில் செருகினார். ஃபிரிட்ஜ் ஒருமுறை முனகியது. இன்வெர்ட்டருக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. ஃபேனும் போச்சு, லைட்டும் போச்சு. இன்சுலினை மண்பானைக்குள் வைத்து, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, விடியும்வரை கொசு அடித்தபடி உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு வில்லியனூரில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனோம். மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு தம்பி. மாஸ்ஃபெட்டு வெடிச்சு, ஃபியூஸைக் காப்பாத்திடுச்சு."

இது உலகம் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் சொல்லும் பழைய ஜோக்காம். ஆனால், விஷயம் நிஜம். பேட்டரி லைனில் இருப்பது கார்களில் போடும் அதே தட்டை ஃபியூஸ். அதன் அளவைவிட இரண்டு மடங்கு கரன்ட் போனாலும் அறுபட ஒரு நொடி, சில சமயம் ஐந்து நொடிகூட ஆகலாம். மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டோ, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கடும் ஷார்ட் என்றால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளேயே சூடேறிச் செத்துவிடும். ஃபியூஸ் இருப்பது ஒயரும் வீடும் எரியாமல் இருக்கத்தான். மாஸ்ஃபெட்டைக் காப்பது அதன் வேலையே இல்லை.

சரி, ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்கூட வராதே, பிறகு ஏன் வெடித்தது? கம்ப்ரெஸர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 600 வாட் வேண்டுமென்றாலே 50 ஆம்பியர். நடுவில் வீணாவதையும் சேர்த்தால் 60-ஐத் தொடும். கிளம்பும்போது இன்னும் மேலே. இன்வெர்ட்டர்களில் சகஜமாகக் கிடக்கும் ஐ.ஆர்.எஃப் 3205-க்கு டேட்டாஷீட்டில் 110 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். அது அடிப்பாகம் 25 டிகிரியில் இருந்தால் மட்டும். அதன் உறையும் கால்களும் தாங்குவது 75 ஆம்பியர் என்று அதே தாளில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். மூடிய பெட்டிக்குள், மே மாத வெயிலில் அதுவும் கிடைக்காது.

அதனால்தான் ஓவர்லோடு கட்ஆஃப் என்று ஒரு காவல்காரனை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். கரன்ட் எல்லை தாண்டினால், ஃபியூஸுக்காகக் காத்திருக்காமல் மாஸ்ஃபெட்டின் கேட்டை அதுவே மூடிவிடும். பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களிலும் இந்த வித்தை உண்டு. 2என்3055 மாதிரியான பவர் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் 0.22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். 3 ஆம்பியர் ஓடினால் அதில் 0.66 வோல்ட் விழும். பக்கத்தில் இருக்கும் குட்டி டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ள அது போதும். பெரியவனுக்குப் போகும் பேஸ் கரன்ட்டை இழுத்து வேறு பக்கம் திருப்பிவிடும். ஸ்பீக்கர் ஒயர் திருவிழாக் கூட்டத்தில் மிதிபட்டு ஷார்ட் ஆனாலும் பெரும்பாலும் செட் பிழைத்துவிடும்.

எங்கள் இன்வெர்ட்டரிலும் காவல்காரன் இருந்தான். அவன் கையைக் கட்டியது யார் தெரியுமா? சாட்சாத் மாமா. ஒரு வருஷம் முன்னால், "மிக்ஸி போட்டா அடிக்கடி கட் ஆவுது, சரிபண்ணுங்க" என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்களும் போர்டில் இருக்கும் குட்டி ஸ்குருவை முழுசாகத் திருப்பி 'சரிபண்ணி'க் கொடுத்திருக்கிறார்கள். ஓவர்லோடு கட்ஆஃப் வேலை செய்யும்போது நமக்கு அது ரிப்பேராகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மெக்கானிக் அண்ணன் வெடித்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பக்கத்து வரிசையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே செட்டாகப் போட்டார். புதிதும் பழையதும் கலந்தால், முதலில் திறக்கும் மாஸ்ஃபெட்தான் மொத்தச் சுமையையும் வாங்குமாம். ஹீட்சிங்க்கில் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். இன்னொன்றையும் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களாம். 150 ஏ.ஹெச் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியர் வரை கொட்டக்கூடியது. அப்போது எரிவது மாஸ்ஃபெட்டோடு நிற்காது.

ஸ்குரு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் பாயின்ட்டுக்கு மேல் மாமா சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார். அத்தை மிக்ஸியைப் போட்டால் இன்வெர்ட்டர் 'கீ... கீ...' என்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. அத்தை தினமும் திட்டுகிறார். மாமா வாயே திறப்பதில்லை.