தண்ணி ஊத்தினா போதுமா?

ஊரில் ரேடியேட்டர் காய்ந்தால் பாட்டில் தண்ணியை ஊற்றிக் கிளம்பிவிடுவோம். ஸ்கார்பரோவில் அந்தப் பழக்கம் ஜனவரியில் எஞ்சினையே காலி பண்ணிவிடும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். எஞ்சின் பிளாக் வெடித்தால் கார் ஸ்கிராப்தான். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும்.

என் காரில் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கராஜில் பானெட்டைத் திறக்காமலேயே "வாட்டர் பம்ப் போயிடுச்சு, 900 டாலர்" என்றார்கள். எஞ்சினியரிங் படித்தும் அதுவரை ஒரு ஸ்க்ரூ கழற்றியதில்லை நான். பிரஷர் டெஸ்டரை இரவல் வாங்கி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு (சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்) மூடியில் எழுதியிருந்த அழுத்தம் வரை காற்றடித்தேன். மேல் ஹோஸ் கிளாம்ப் அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. புது கிளாம்ப் சில டாலர்தான்.

பம்பே போயிருந்தால் கராஜுக்குத்தான் போயிருப்பேன், அதில் வெட்கமில்லை. ஆனால் எஸ்டிமேட்டை எழுத்தில் கேளுங்கள். ஒன்டாரியோ சட்டப்படி பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம். நாமோ நம்ம ஆள் கடைதானே என்று வாய்வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

வீட்டில் வேலை செய்தால், சிந்திய கூலண்டை உடனே துடையுங்கள். இனிக்கும் விஷம் அது. நாய், பூனை நக்கினால் செத்துவிடும். பழையதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், நகரசபையின் டிராப்-ஆஃப் டிப்போவில் வாங்கிக்கொள்கிறார்கள்.